கிளம்பும் வயது

ஜப்பானிய மோட்டார் பந்தயத்தின் கதை – 11

2021 மார்ச் 28 அன்று பஹ்ரைனில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் யூகி சுனோடா ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளிகள் எடுத்தார். முதல் பந்தயத்திலேயே புள்ளி எடுத்த முதல் ஜப்பானியர் என்று மறுநாள் செய்திகள் கொண்டாடின. 2000க்குப் பின் பிறந்தவர்களில் ஃபார்முலா 1 கார் ஓட்டிய முதல் ஆள் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. வரலாறு எழுதுகிறவருக்கு இவை இரண்டையும்விட முக்கியமானது இன்னொன்று. அன்று தொடக்க வரிசையில் நின்ற இருபது பேரில் வயதில் மிகவும் இளையவர் அவர்தான். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஜப்பானிய ஓட்டுநர்கள் எந்த வயதில் ஃபார்முலா 1க்குள் வந்தார்கள் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். சதோரு நகாஜிமா 34 வயதில், அகுரி சுஸுகியும் உக்யோ கதயாமாவும் 28 வயதில், டகுமா சாட்டோ 25 வயதில், கமுய் கொபயாஷி 23 வயதில், சுனோடா 20 வயதில். முப்பத்து நான்கு ஆண்டுகளில் பதினான்கு வயது குறைந்திருக்கிறது. ஜப்பானியர்கள் திடீரென்று வேகமாக ஓட்டக் கற்றுக்கொண்டதால் இது நடக்கவில்லை. அவர்கள் வேகம் முன்பே இருந்தது. மாறியது, ஊரைவிட்டு எப்போது கிளம்புகிறார்கள் என்பதுதான். இந்தப் பகுதி முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் நிறுவப் பார்க்கிறேன்.

வேகம் முன்பே இருந்தது என்பதற்குச் சான்று 1976 அக்டோபரில் ஃபூஜியில் நடந்த பந்தயம். நிக்கி லவுடா மழையில் காரை நிறுத்திவிட்டு இறங்கியதற்காகவும், ஜேம்ஸ் ஹன்ட் உலகப் பட்டம் வென்றதற்காகவும் உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. அதே மழையில், பழைய டிரெல் காரில், கஸுயோஷி ஹோஷினோ ஒரு கட்டத்தில் மூன்றாம் இடம்வரை முன்னேறி ஓடினார். மாற்ற டயர் இல்லாமல் விலக நேர்ந்தது. ஜப்பானிலேயே கட்டப்பட்ட கோஜிமா காரில் மஸாஹிரோ ஹஸேமி தகுதிச் சுற்றில் பத்தாம் இடம் பிடித்தார். இருவரும் உள்நாட்டுப் பந்தயங்களில் வளர்ந்தவர்கள். தெரிந்த தடத்தில், தெரிந்த வானிலையில், உலகின் முன்னணி ஓட்டுநர்களோடு மோத அவர்களால் முடிந்தது. அந்தப் பந்தயத்துக்குப் பின் ஐரோப்பாவின் ஃபார்முலா 1 அணி எதிலும் அவர்கள் இடம்பெறவில்லை. ஹோஷினோ தன் வாழ்நாள் வெற்றிகளை ஜப்பானிலேயே குவித்தார். ஜப்பானியர்கள் இன்றுவரை ஃபார்முலா 1 வெற்றி மேடையில் ஏறியது மூன்றே முறை. 1990இல் சுஸுகி, 2004இல் சாட்டோ, 2012இல் கொபயாஷி. மூவரும் மூன்றாம் இடம். அந்த மூன்றில் இரண்டு சுசூகாவில் நடந்தவை. சிறு வயது முதல் சுற்றிச் சுற்றிப் பழகிய தடத்தில் இவர்களுடைய திறமை முழுதாக வெளிப்பட்டது, வெளியூரில் அதன் ஒரு பகுதிதான் வெளிப்பட்டது என்றே இதற்குப் பொருள் சொல்ல முடிகிறது.

நகாஜிமாவின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஜப்பானிய ஃபார்முலா 2 பட்டத்தை ஐந்து முறை வென்றவர் அவர். 1987இல் ஹோண்டா எஞ்சினோடு லோட்டஸ் அணிக்குப் போனபோது பக்கத்துக் காரில் இருந்தவர் அயர்டன் சென்னா. அந்த ஆண்டு சென்னா 57 புள்ளிகள், நகாஜிமா 7. இதைத் திறமையின் வித்தியாசம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எளிது. சென்னா அளவுக்குத் திறமை நகாஜிமாவுக்கு இருந்தது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் 1989இல் அடிலெய்டில் கொட்டிய மழையில், கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில், பின்வரிசையிலிருந்து கிளம்பி நான்காவதாக வந்து, அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்றையும் ஓட்டிய ஆள் இவர். அப்படிப்பட்டவர் மற்ற பந்தயங்களில் ஏன் தடுமாறினார்? 34 வயதில் ஃபார்முலா 1க்கு வந்தபோது ஐரோப்பியத் தடங்களில் அவருக்கு அனுபவம் குறைவு. கூடப் போட்டியிட்டவர்கள் அதே தடங்களில் ஃபார்முலா 3 காலத்திலிருந்தே ஓடியவர்கள். டயர் எத்தனை சுற்று தாங்கும், எந்த வளைவில் மழை தேங்கும், எஞ்சினியரிடம் எதை எந்தச் சொல்லில் கேட்டால் மறுநாள் காலைக்குள் கார் மாறியிருக்கும் என்பதையெல்லாம் அவர்கள் இருபது வயதுக்குள் கற்றிருந்தார்கள். நகாஜிமாவோ பதினான்கு ஆண்டுகள் வேறொரு பள்ளியில் முதலிடம் வாங்கிவிட்டு வந்தவர். அங்கே கற்ற பலவற்றை இங்கே மறக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் பிறந்த தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா என்று கேட்கலாம். டகுமா சாட்டோவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. மாணவப் பருவத்தில் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர் அவர். மற்றவர்கள் கார்ட்டிங்கில் பத்து ஆண்டு அனுபவத்தோடு நிற்கிற வயதில்தான் இந்தப் பக்கமே வந்தார். 1997இல் சுசூகா பந்தயப் பள்ளியின் உதவித்தொகையை வென்றார், அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். 2001இல் கார்லின் அணிக்காக பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பட்டம், அந்த ஒரே பருவத்தில் 12 வெற்றிகள், 2002இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1. பின்னாளில் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை இரண்டு முறை, 2017இலும் 2020இலும், வென்றவரும் இவர்தான். தாமதமாகத் தொடங்கியவர், ஆனால் உள்நாட்டில் ஏறக்குறைய தங்கவே இல்லை. கொபயாஷியும் இளம் வயதிலேயே டொயோட்டாவின் உதவியில் இத்தாலி போனவர். 2005இல் ஃபார்முலா ரெனோவின் இத்தாலியப் பட்டத்தையும் ஐரோப்பியப் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். ஆகவே கணக்கிட வேண்டியது வயதை அல்ல. கார்ட்டிங்கை விட்டுக் காருக்குள் ஏறிய பின் உள்நாட்டில் எத்தனை ஆண்டு கழிந்தது என்பதைத்தான் கணக்கிட வேண்டும். நகாஜிமாவுக்கு அது பதினான்கு, சாட்டோவுக்கு ஏறக்குறைய ஒன்று. சுனோடாவுக்கு இரண்டு.

அந்த இரண்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2000 மே 11 அன்று கனகாவா மாகாணத்தின் ஸகமிஹாராவில் சுனோடா பிறந்தார். தந்தை ஜிம்கானா பந்தயங்களில் ஈடுபாடு உள்ளவர். அதாவது அகன்ற தார்த்தரையில் கூம்புகளை வைத்து, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து நேரத்துக்கு எதிராக ஓட்டும் போட்டி. நான்கு வயதில் பையன் கார்ட்டில் உட்கார்ந்தான். கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கும். தரையின் ஒவ்வொரு மேடும் ஓட்டுபவரின் முதுகுக்கு நேராக வந்து சேரும். பிடிமானம் எங்கே முடிகிறது, வழுக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை உடம்பாலேயே கற்க இதைவிட நல்ல கருவி இல்லை. இதில் ஜப்பானியச் சிறுவனுக்கும் ஐரோப்பியச் சிறுவனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு எதிராளிகளில் இருக்கிறது. இத்தாலியிலோ பெல்ஜியத்திலோ கார்ட் ஓட்டும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பத்து ஆண்டு கழித்து ஃபார்முலா 1இல் எதிர்கொள்ளப்போகிறவர்களோடு அப்போதே மோதிக்கொண்டிருக்கும். சுனோடாவின் கார்ட் ஆண்டுகளோ ஜப்பானுக்குள்ளேயே முடிந்தன. அந்த வகையில் அவர் ஏற்கெனவே ஒரு படி பின்னால்தான் நின்றார்.

16 வயதில் அவர் சேர்ந்த சுசூகா பந்தயப் பள்ளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இந்தத் தொடரின் பல இழைகள் அங்கேதான் சேர்கின்றன. சுசூகா தடமே 1962இல் ஹோண்டா கட்டியது. தொழிற்சாலையில் செய்த வண்டியைச் சோதிக்க ஒரு தடம், தடத்தில் ஓட்ட ஆட்கள், ஆட்களை உருவாக்க ஒரு பள்ளி என்று 1990களில் அந்தச் சங்கிலி நிறைவடைந்தது. பள்ளியில் எல்லோருக்கும் ஒரே கார், முன்னணியில் வருகிறவர்களுக்கு மட்டும் அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு ஹோண்டாவின் உதவி. 2016இல் அந்த முன்னணி இடங்களில் சுனோடா வரவில்லை. அத்தோடு கதை முடிந்திருக்கலாம். பள்ளியின் தலைவர் அவரிடம் எதையோ பார்த்து ஹோண்டாவிடம் பரிந்துரைத்ததால்தான் ஃபார்முலா 4இல் இடம் கிடைத்தது. அந்தத் தலைவர் சதோரு நகாஜிமா. 34 வயதுவரை காத்திருக்க நேர்ந்தவர், காத்திருக்காமல் கிளம்பக்கூடிய ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். தேர்வு முடிவுத்தாளை மட்டும் நம்பியிருந்தால் இன்று சுனோடாவைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. பள்ளிகளைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜப்பானிய ஃபார்முலா 4 தொடங்கியது 2015இல். அந்த ஆண்டுகளில் எல்லோருக்கும் டோம் நிறுவனத்தின் ஒரே சேஸிஸ், டாம்ஸ் தயாரித்த ஒரே வகை எஞ்சின். டாம்ஸ் டொயோட்டாவின் நெருங்கிய கூட்டாளி. ஹோண்டாவின் பிள்ளைகளும் டொயோட்டாவின் பிள்ளைகளும் டொயோட்டா வழி வந்த ஒரே எஞ்சினில் மோதும் இடம் இது. பணமும் எஞ்சினும் மறைக்காத ஒப்பீடு வேண்டுமென்றால் இதைவிட நல்ல களம் கிடைக்காது. 2017இல் இங்கே சுனோடா மூன்றாவது. 2018இல் பட்டம் வென்றார். 2017இன் பட்டத்தை வென்றவரின் பெயரைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: டொயோட்டாவின் ரிடோமோ மியாட்டா. 2016இன் பட்டமும் அவருடையதுதான். சுனோடாவைவிட ஒன்பது மாதம் மூத்தவர்.

2018 இறுதியில் ஹங்கேரியில் ரெட் புல் நடத்திய சோதனை ஓட்டத்தில் சுனோடா ஃபார்முலா 3 காரில் ஏறினார். அணியின் இளைஞர் திட்டத்தைக் கையில் வைத்திருந்த ஹெல்முட் மார்கோவுக்கு அவரைப் பிடித்துப்போனது. 2019இல் சுவிட்சர்லாந்தின் யென்ஸர் அணிக்காக உலக ஃபார்முலா 3. அந்த ஆண்டு பிரேமா அணியின் மூவர் முதல் மூன்று இடங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள், மூன்றாமவர் நம் நாட்டின் ஜெஹான் தாருவாலா. நடுத்தர அணியான யென்ஸரில் சுனோடா பருவத்தின் முடிவில் ஒன்பதாவது. ஆனால் செப்டம்பரில் மோன்ஸாவில் ஒரு பந்தயத்தை வென்றார். 2020இல் கார்லின் அணியில் ஃபார்முலா 2. சில்வர்ஸ்டோனில் ஒரு வெற்றி, ஸ்பாவில் ஒரு வெற்றி, டிசம்பரில் ஸகீரில் முதலிடத்திலிருந்து கிளம்பி இன்னொரு வெற்றி. பட்டம் வென்ற மிக் ஷூமாக்கர் 215 புள்ளிகள், இரண்டாமவர் கேலம் ஐலட் 201, மூன்றாமவர் சுனோடா 200. அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுகத்துக்கான ஆந்துவான் ஹூபேர் விருதும் அவருக்கே. ஃபார்முலா 1 ஓட்ட வேண்டுமானால் சூப்பர் லைசென்ஸ் வேண்டும், அதற்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஃபார்முலா 2இல் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அந்த நாற்பதும் ஒரே ஆண்டில் வந்துவிடும். வந்துவிட்டது. டிசம்பர் 16 அன்று ரெட் புல்லின் இரண்டாம் அணியான ஆல்ஃபாடௌரி அவரை அறிவித்தது. கண்டம் மாறி இரண்டே பருவம்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆல்ஃபாடௌரி காரில் இருந்தது ஹோண்டா எஞ்சின், எனவே சீட்டும் ஹோண்டா கொடுத்ததுதான் என்பது. 2018இல் டோரோ ரோஸோ என்ற பெயரில் அந்த அணி ஹோண்டா எஞ்சினை ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் மார்கோவின் கண் ஜப்பானிய ஃபார்முலா 4 பக்கம் திரும்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த அளவுக்கு ஆட்சேபம் சரி. ஆனால் அது முழு விளக்கமாகிவிடாது. நொபுஹாரு மட்சுஷிடா ஹோண்டாவின் ஆதரவில் 2015 முதல் ஐரோப்பாவில் ஓடினார், 2016இல் மொனாக்கோவில் ஒரு பந்தயத்தையும் வென்றார், பருவப் பட்டியலில் ஆறாம் இடத்துக்கு மேல் ஏற முடியவில்லை. டடாசுகே மகினோ 2018இல் மோன்ஸாவில் ஃபார்முலா 2 பந்தயத்தை வென்றார். நிரெய் ஃபுகுஸுமி 2017இல் ஜிபி3 தொடரில் மூன்றாவதாக வந்தவர். மூவர் பின்னாலும் இருந்தது அதே ஹோண்டா. மூவருக்கும் ஃபார்முலா 1 சீட் கிடைக்கவில்லை. ஹோண்டாவால் கதவருகே கொண்டுவிட முடியும், உள்ளே போவதற்கான நாற்பது புள்ளிகளை ஓட்டுநர்தான் எடுக்க வேண்டும். மறுபக்கச் சான்று கொபயாஷியிடம் இருக்கிறது. 2009 நவம்பரில் டொயோட்டா ஃபார்முலா 1ஐ விட்டே வெளியேறியது. அவருக்குப் பின்னால் நிற்க எந்த நிறுவனமும் இல்லை. பருவக் கடைசியில் பிரேஸிலிலும் அபுதாபியிலும் மாற்று ஓட்டுநராக அவர் ஓட்டிய இரண்டே பந்தயங்களைப் பார்த்து ஸௌபர் அணி அவரை எடுத்துக்கொண்டது. நிறுவனம் போன பிறகும் வேலை நிலைத்தது, அவர் ஐரோப்பாவுக்குள் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தார்.

ஃபுகுஸுமி என் வாதத்துக்குள்ளேயே ஒரு முள். அவரும் 19 வயதிலேயே ஐரோப்பா போனவர், அங்கே வென்றும் காட்டியவர். சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றால் அவர் தேறியிருக்க வேண்டுமே? 2018இல் அவர் ஃபார்முலா 2 ஓட்டிக்கொண்டே ஜப்பானின் உள்நாட்டுத் தொடரான சூப்பர் ஃபார்முலாவும் ஓட்டினார். இரண்டு கார், இரண்டு நிறுவனத்தின் டயர், இரண்டு கண்டம். ஃபார்முலா 2இன் பிரெல்லி டயர்கள் வேண்டுமென்றே சீக்கிரம் தேயும்படி செய்யப்பட்டவை. அவற்றைத் தேய்க்காமல் வேகம் எடுப்பது வாரா வாரம் அதிலேயே மூழ்கிக் கிடந்தால்தான் வரும். ஒரு சுற்று வாரயிறுதியில் பயிற்சிக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் நினைவூட்டிக்கொள்ளலாம், புதிதாகக் கற்க முடியாது. சுனோடாவுக்கு இந்தப் பிளவு இல்லை. கிளம்பினார், அங்கேயே இருந்தார்.

இப்போது ரிடோமோ மியாட்டா. வரலாற்றில் ஆய்வுக்கூடச் சோதனை கிடைப்பது அரிது, இது அதற்கு மிக அருகில் வருகிறது. ஒரே வயது, ஒரே நாடு, ஒரே ஃபார்முலா 4 கார். நேருக்கு நேர் மோதிய 2017இல் மியாட்டா முதல், சுனோடா மூன்று. டொயோட்டாவுக்கு அப்போது ஃபார்முலா 1இல் எந்தத் தொடர்பும் இல்லாததால் மியாட்டா உள்நாட்டிலேயே வளர்ந்தார். 2020இல் சூப்பர் ஃபார்முலா லைட்ஸ் பட்டம், 2023இல் சூப்பர் ஃபார்முலா பட்டமும் ஜிடி500 பட்டமும். உள்நாட்டுத் தொடர் மெதுவானது என்று நினைப்பவர்கள் 2023 பட்டியலின் இரண்டாம் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இருந்தவர் ரெட் புல் அனுப்பிய நியூஸிலாந்தின் லியாம் லாசன். மியாட்டாவிடம் தோற்ற அதே ஆண்டில் லாசன் ஆல்ஃபாடௌரி காரில் மாற்று ஓட்டுநராக ஏறி, சிங்கப்பூரில் ஒன்பதாவதாக வந்து புள்ளியும் எடுத்தார். லாசனை வென்றவருக்கு என்ன ஆயிற்று? 2024இல், 24 வயதில், ஐரோப்பாவுக்குக் கிளம்பி ஃபார்முலா 2இல் சேர்ந்தார். சேர்ந்த அணி ரோடின், அதாவது சுனோடாவை 2020இல் தாங்கிய அதே கார்லின் அணியின் மறுபெயர். அந்த ஆண்டு எல்லா அணிகளுக்கும் கார் புதிது, ஆக பழையவர்களுக்குக் கார் பழக்கம் என்ற சாக்கும் இல்லை. அதே அணியின் ஸேன் மலோனி பருவத்தின் முதல் வாரயிறுதியில் பஹ்ரைனில் இரண்டு பந்தயங்களையும் வென்றார். மியாட்டா பட்டப் போட்டியின் பக்கமே வரவில்லை. அவருடைய வேகத்தைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமை இல்லை, லாசன் சாட்சி. ஆனால் ஐரோப்பியத் தடங்களும் பிரெல்லி டயரும் 18 வயதில் சுனோடாவுக்குக் கற்பித்ததை 24 வயதில் அவர் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. அதுவும் எட்டு ஆண்டு ஊறிய வேறொரு பழக்கத்தை உதறிக்கொண்டே.

சூப்பர் ஃபார்முலாவைத் தாழ்த்துவது என் நோக்கமல்ல. வளைவுகளில் ஃபார்முலா 1க்கு மிக அருகில் வரும் கார் அது. தமிழ் வாசகர்களுக்கு இதை நரேன் கார்த்திகேயனே உறுதிசெய்வார். 15 வயதில் பிரான்சின் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போய்ப் பயின்று 2005இல் ஃபார்முலா 1ஐ எட்டிய அந்தக் கோவைக்காரர், பின்னாளில் ஜப்பான் போய்ச் சூப்பர் ஃபார்முலா ஓட்டினார். 2017, 2018 ஆண்டுகளில் அவர் இருந்தது நகாஜிமாவின் சொந்த அணியில். பின்னாளில் சுனோடாவின் அணித்தோழரான காஸ்லி, லாசன் போன்றவர்களுக்கும் அது நல்ல இடைநிலைப் பள்ளியாகவே இருந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: அவர்கள் எல்லோரும் ஐரோப்பியப் பாடத்தை முடித்துவிட்டு அங்கே போனார்கள். வரிசை தலைகீழாகும்போதுதான் சிக்கல் வருகிறது.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. ஃபார்முலா 1இல் எல்லா நாட்டவரும்தான் இளையவர்களாகிவிட்டார்கள், மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015இல் 17 வயதில் வந்தார், இதில் ஜப்பானுக்கென்று தனியாக என்ன இருக்கிறது? உலகம் முழுக்க வயது குறைந்தது உண்மை. ஆனால் அந்தந்தக் காலத்துச் சக ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால் ஜப்பானின் நகர்வு தனித்துத் தெரிகிறது. 1987இல் நகாஜிமா முதல் பந்தயம் ஓடியபோது சென்னாவுக்கு வயது 27, அவர் ஏற்கெனவே மூன்று பருவம் முடித்தவர். அதாவது ஏழு வயது மூத்த ஜப்பானியர் மூன்று ஆண்டு பின்தங்கித் தொடங்கினார். 2021இல் சுனோடா எல்லோரையும்விட இளையவர். ஊரோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் இந்த இடைவெளி அப்படியே இருந்திருக்கும். அது மூடப்பட்டதோடு தலைகீழாகவும் மாறியிருக்கிறது.

சீக்கிரம் போனதற்கு விலையும் இருந்தது. 2021இல் பஹ்ரைன் முடிந்த கையோடு இமோலாவில் தகுதிச் சுற்றின் தொடக்கத்திலேயே காரை உடைத்தார். வானொலியில் கத்துகிறவர் என்ற பெயர் வந்தது. உடற்பயிற்சியும் ஒழுங்கும் போதவில்லை என்று அணி அவரை இங்கிலாந்திலிருந்து கிளப்பி, தொழிற்சாலை இருக்கும் இத்தாலியின் ஃபயென்ஸாவிலேயே குடிவைத்தது. கார்ட்டிங்கிலிருந்தே ஐரோப்பாவில் வளர்ந்தவர்கள் பதினைந்து வயதில் முடித்த பாடங்களை அவர் உலகம் பார்க்கப் பார்க்கப் படித்தார். ஆனால் எண்களைத் தொடர்ந்து பாருங்கள். 2021இல் அணித்தோழர் காஸ்லி 110 புள்ளிகள், சுனோடா 32. 2022இல் காஸ்லி 23, சுனோடா 12. 2023இல் சுனோடா 17, அவர் பக்கத்துக் காரில் மாறி மாறி உட்கார்ந்த மூவரும் சேர்ந்து 8. 2024இல் சுனோடா 30, பக்கத்துக் காரின் டேனியல் ரிக்கார்டோவும் லாசனும் சேர்ந்து 16. ரிக்கார்டோ எட்டு ஃபார்முலா 1 பந்தயங்களை வென்றவர். முதல் இரண்டு ஆண்டுகள் கற்றல், அடுத்த இரண்டு ஆண்டுகள் தேர்ச்சி. நகாஜிமாவுக்கு அந்தக் கற்றல் ஆண்டுகள் முடியும்போது வயது 35 ஆகிவிட்டது. சுனோடாவுக்கு 22.

2025 ஏப்ரலில், தன் சொந்த மண்ணான சுசூகாவில், லாசனின் இடத்தில் ரெட் புல் முதன்மை அணிக்கு அவர் உயர்த்தப்பட்டார். வெர்ஸ்டாப்பனின் கைக்கு ஏற்ப வளர்ந்த அந்தக் காரில் காஸ்லி, ஆல்பன், பெரெஸ், லாசன் என்று முன்னால் போனவர்கள் எல்லோரும் திணறினார்கள். சுனோடாவும் திணறினார். பாகுவில் ஆறாம் இடம்தான் அங்கே அவரது உச்சம். டிசம்பரில், அடுத்த ஆண்டுக்கு அந்த இடம் இஸாக் ஹஜாருக்கு என்றும், சுனோடா மாற்று ஓட்டுநராகத் தொடர்வார் என்றும் அறிவிப்பு வந்தது. 2026 முதல் ஹோண்டா எஞ்சின் ஆஸ்டன் மார்ட்டினுக்குப் போகிறது என்பதைச் சுட்டி, எஞ்சின் போனது, ஆளும் போனார் என்று பழைய ஆட்சேபத்தை மீண்டும் எழுப்புகிறார்கள். காலப்பொருத்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹோண்டா எஞ்சின் அதே காரில் இருந்தபோதே இரண்டு பந்தயத்தில் லாசனும், அவருக்கு முன் குறுகிய காலத்திலேயே காஸ்லியும் ஆல்பனும் அந்த இருக்கையை இழந்தார்கள் என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

சுசூகா பள்ளி இதையெல்லாம் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்தது. 2019இல் நகாஜிமாவுக்குப் பின் அதன் தலைவரானவர் டகுமா சாட்டோ. தான் போன வழியிலேயே மாணவர்களையும் அனுப்பினார். உதவித்தொகை வென்றவர்கள் இனி ஜப்பானிய ஃபார்முலா 4இல் காத்திருக்க வேண்டாம், நேரே பிரெஞ்சு ஃபார்முலா 4. 2020இல் அப்படிப் போன இருவர் அந்தத் தொடரின் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தார்கள். முதலிடம் பிடித்த அயுமு இவாஸா 2022இல் ஃபார்முலா 2இல் ஐந்தாவது, 2023இல் நான்காவது. சூப்பர் லைசென்ஸுக்கான புள்ளிகள் கைவசம் வந்துவிட்டன. பள்ளியை முடித்த பின் உள்நாட்டில் அவர் வீணாக்கிய ஆண்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் 2024இல் ரெட் புல்லின் இரண்டு அணிகளிலும் நான்கு இருக்கைகளும் நிரம்பியிருந்தன, அவற்றில் ஒன்றில் சுனோடா இருந்தார். இவாஸா சூப்பர் ஃபார்முலாவுக்குத் திரும்பி 2025இல் அதன் பட்டத்தை வென்றார். சரியான நேரத்தில் கிளம்பியவர்கள் ஒருவருக்கு மேல் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற, ஜப்பான் இதுவரை சந்திக்காத அந்தச் சிக்கலை அடுத்த பகுதியில் இவாஸாவின் பருவங்களை வைத்துப் பார்ப்போம்.